கூந்தல் தைலம், கப்பல் பாரம், வாசகர் கடிதம்: ஒரு வாசிப்பு வட்டத்தின் பூர்வீகம்

சனிக்கிழமை இரவு எட்டரை மணி. மடிக்கணினித் திரையில் ஒவ்வொன்றாகக் கட்டங்கள் ஒளிர்கின்றன. ஒன்றில் மதுரை, அடுத்ததில் மஸ்கட், அதற்கும் அடுத்ததில் டொராண்டோ. அங்கே இன்னும் முற்பகல்தான், கையில் காபிக் கோப்பை. "மியூட்ல இருக்கீங்க சார்" என்று யாரோ சொல்ல, சிரிப்போடு கூட்டம் தொடங்குகிறது. அந்த வாரம் எல்லோரும் படித்துவந்தது ஒரே சிறுகதை. விண்கலத்தில் ஓர் இளம்பெண், போதாத எரிபொருள், ஒரு முடிவு. அவ்வளவுதான் கதை. அடுத்த ஒன்றரை மணி நேரம் அதைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடுகிறார்கள்.

அறிவியல் சிறுகதைகளை இப்படி இணையத்தில் கூடிப் படிப்பது இன்று பழகிப்போன காட்சி. இதற்கு நீண்ட பூர்வீகம் உண்டு. அதைத் தேடிப் போனால் ஜெர்மனியில் ஒரு சூனிய வழக்கு வருகிறது. கொல்கத்தாவில் ஒரு கூந்தல் தைலம், நியூயார்க்கில் ஒரு ரேடியோ உதிரிபாகக் கடை, அட்லாண்டிக்கைக் கடந்த பழைய பத்திரிகைக் கட்டுகள், சீனாவில் ஒரு பொதுத்தேர்வுக் கேள்வித்தாள் என்று பயணம் நீள்கிறது. வழியெங்கும் ஒன்று மட்டும் மாறவில்லை. கதை போன இடத்துக்கெல்லாம் அதைப் பற்றிய பேச்சும் கூடவே போயிருக்கிறது.

1608-ஐ ஒட்டிய காலம். கோள்களின் பாதையைக் கணக்கிட்ட ஜோஹன்னஸ் கெப்ளர் ஒரு கதை எழுதினார். பெயர் 'சோம்னியம்', அதாவது கனவு. ஐஸ்லாந்துச் சிறுவன் ஒருவன் நிலவைப் பற்றி அறிகிறான். அங்கிருந்து பார்த்தால் பூமி எப்படித் தெரியும், பகலும் இரவும் எவ்வளவு நீளம் என்றெல்லாம் கதை கணக்கோடு பேசுகிறது. பூமி சுற்றுகிறது என்பதை நம்ப மறுத்தவர்களை நிலவில் நிறுத்திப் பூமியைப் பார்க்க வைப்பதுதான் கெப்ளரின் உத்தி. ஆனால் கதையில் வரும் சிறுவனின் தாய் மூலிகை விற்பவள், ஆவிகளோடு பேசுபவள். கையெழுத்துப் பிரதி கைமாறிக் கைமாறிப் போனது. கெப்ளரின் சொந்தத் தாய் கத்தரீனாவும் மூலிகை மருத்துவம் தெரிந்தவர். ஊரில் அவர்மீது சூனியக்காரி என்ற பழி விழுந்தது. 1620-இல் கைது செய்யப்பட்டு, 14 மாதம் சிறையில் இருந்தார். மகனே வாதாடி மீட்டார். வெளியே வந்த சில மாதங்களில் அவர் இறந்துபோனார்.

தன் கதையைப் பற்றிய ஊர்ப்பேச்சும் அந்தப் பழிக்குத் தீனி போட்டது என்று கெப்ளர் நம்பினார். அதன்பின் கதைக்கு அவர் எழுதிச் சேர்த்த குறிப்புகள் 223. கதையைவிடக் குறிப்புகள் நீளம். இந்த வரிக்கு இதுதான் பொருள், இந்த இடத்தில் கணக்கு இப்படி என்று ஒவ்வொன்றாக விளக்கினார். 1634-இல், அவர் மறைந்து நான்கு ஆண்டு கழித்து, மகன் அதை நூலாக வெளியிட்டார். ஒரு வாசகர் வட்டத்தில் எழக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் தனியாளாக உட்கார்ந்து பதில் எழுதிவைத்த ஆசிரியராகவே கெப்ளரை நான் பார்க்கிறேன். அவருக்குக் கூடிப் பேச ஆள் கிடைக்கவில்லை. தவறாகப் பேசத்தான் ஊர் இருந்தது.

கூடிப் பேச ஆள் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1816 சாட்சி. அதற்கு முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் தூசும் வானை மறைத்ததில் ஐரோப்பா கோடையை இழந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு மாளிகையில் மழைக்கு ஒதுங்கிய நண்பர்கள், பிரெஞ்சில் மொழிபெயர்த்திருந்த ஜெர்மன் பேய்க்கதைகளை உரக்கப் படித்துப் பொழுதைக் கழித்தார்கள். "ஆளுக்கொரு கதை எழுதுவோம்" என்றார் கவிஞர் பைரன். பேச்சு மின்சாரம், உயிரின் தோற்றம் என்று வளர்ந்தது. 18 வயது மேரி அதை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 1818-இல் அவர் எழுதிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' வெளியானது. அறிவியல் புனைவின் மூலக்கதை என்று பலரும் சொல்லும் படைப்பு ஒரு மழைக்கால வாசிப்புக் கூட்டத்தில் கருக்கொண்டது.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். எட்கர் ஆலன் போ 1835 ஜூனில், ஒருவன் பலூனில் நிலவுக்குப் போகும் கதையை ஒரு மாத இதழில் வெளியிட்டார். இரண்டே மாதத்தில் 'நியூயார்க் சன்' நாளிதழ் ஒரு செய்தித் தொடரை அச்சிட்டது. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவில் வைத்திருக்கும் தொலைநோக்கியில் நிலவில் வௌவால் சிறகுள்ள மனிதர்கள் தெரிந்தார்களாம்! மக்கள் நம்பினார்கள், பிரதிகள் பறந்தன. தன் யோசனையைத் திருடிவிட்டார்கள் என்று போ கொதித்தார். தன் கதையின் தொடர்ச்சியை எழுதாமலே விட்டுவிட்டார். அவர் பெரிதாக விட்டுச்சென்றது வேறொன்று. ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதாக, அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அடங்குவதாகக் கதை இருக்கவேண்டும் என்று 1842-இல் ஒரு விமர்சனத்தில் வாதிட்டார். இன்றைய வாசிப்பு வட்டங்களுக்கு நாவலைவிடச் சிறுகதை வசதிப்படுவதற்கும் அதுவே காரணம். எல்லோரும் முடித்துவிட்டு வருவார்கள்.

போவின் கதைகளை போத்லேர் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அதைப் படித்து ஈர்க்கப்பட்டவர் ஜூல் வெர்ன். 1865-இல் வெர்ன் எழுதிய நிலவுப் பயண நாவல் ஆங்கிலத்துக்குப் போனது, ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்கு, ஜப்பானியத்திலிருந்து 1903-இல் சீனத்துக்கு. சீனத்தில் பெயர்த்தவர் டோக்கியோவில் படித்துக்கொண்டிருந்த இளம் மாணவர் லூ சுன். பின்னாளில் நவீனச் சீன இலக்கியத்தின் தந்தை ஆனவர். இத்தனை கை மாறியதில் அட்டையில் ஆசிரியர் பெயரும் மாறிப்போனது. வெர்ன் ஓர் அமெரிக்கராக அறிமுகமானார். பெயரும் ஊரும் மாறிய பிறகும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்தியாவில் இந்தக் கலைக்கு முதலீடு போட்டவர்களில் ஒருவர் தைல வியாபாரி. கொல்கத்தாவில் 'குந்தலீன்' என்ற கூந்தல் தைலத்தைத் தயாரித்த ஹேமேந்திரமோகன் போஸ் 1896-இல் ஒரு சிறுகதைப் போட்டி அறிவித்தார். கதையில் தைலத்தின் பெயர் வரவேண்டும், ஆனால் விளம்பரம்போலத் தெரியக் கூடாது. பரிசு பெற்ற கதையில் கொல்கத்தாவை நோக்கி ஒரு பெரும்புயல் வருகிறது. கப்பலில் போகும் ஒருவர் ஒரு புட்டித் தைலத்தைக் கடலில் ஊற்ற, அலைகள் அடங்கி, புயல் காணாமல் போகிறது. எண்ணெய் நீரின் மேற்பரப்பில் பரவி அலையை அடக்கும் என்ற இயற்பியல்தான் கதையின் அச்சு. எழுதியவர் ஜகதீஷ் சந்திர போஸ். அதே ஆண்டுகளில் கம்பியே இல்லாமல் தூரத்து மணியை மின் அலையால் ஒலிக்கச் செய்துகாட்டிய விஞ்ஞானி. வங்காளத்தின் ஆரம்ப அறிவியல் கதைகளில் ஒன்று இப்படி ஒரு தைலப் புட்டியிலிருந்து வந்தது.

அடுத்த கதை நம் ஊருக்கே வருகிறது. 1905-இல் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திவந்த 'தி இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் 'சுல்தானாவின் கனவு' என்ற ஆங்கிலச் சிறுகதை அச்சேறியது. எழுதியவர் ரொகேயா சகாவத் உசேன், வங்காளத்து முஸ்லிம் பெண். கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள்; பெண்கள் வெளியே நாட்டை ஆள்கிறார்கள். பெண் விஞ்ஞானிகள் சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள். பலூனில் குழாய் கட்டி மேகத்திலிருந்தே நீரை இறக்குகிறார்கள். படையெடுத்து வந்த எதிரியைச் சூரிய ஒளியைக் குவித்தே விரட்டுகிறார்கள். கணவர் வெளியூர் போயிருந்தபோது பொழுதுபோக்காக எழுதிய கதை இது. திரும்பி வந்த கணவர் உட்காரக்கூட இல்லாமல் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, இது பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். அவர்தான் அந்தக் கதையின் முதல் விமர்சகர். சூரிய மின்தகடுகள் மொட்டைமாடிக்கு வந்துவிட்ட இந்தக் காலத்தில் படித்தாலும் அந்தக் கதை நம்மை நிமிர்ந்து உட்காரவைக்கிறது.

1909-இல் இங்கிலாந்தில் ஈ. எம். ஃபார்ஸ்டர், ஹெச். ஜி. வெல்ஸ் வரைந்த எதிர்கால உலகத்துக்கு மறுப்பாக 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்ற கதையை எழுதினார். மனிதர்கள் பூமிக்கு அடியில், தேன்கூட்டின் அறுகோண அறைபோன்ற தனி அறைகளில் வாழ்கிறார்கள். உணவு, இசை, காற்று எல்லாம் எந்திரம் தருகிறது. வாஷ்தி என்ற பெண் தன் அறையிலிருந்தபடியே இசை வரலாறு பற்றிப் பத்து நிமிட உரை நிகழ்த்துகிறாள்; அவரவர் அறையிலிருந்து பார்வையாளர்கள் அவளைப் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள். உலகின் மறுபக்கம் இருக்கும் மகன், தட்டில் தெரியும் அவள் உருவம் போதாது, நேரில் வா என்று கெஞ்சுகிறான். வானொலி ஒலிபரப்பே வீடுகளுக்கு வராத காலத்தில் எழுதிய கதை இது. காணொளிக் கூட்டம் எப்படி இருக்கும், அதில் எது கிடைக்காது என்ற இரண்டையும் ஃபார்ஸ்டர் முன்கூட்டியே எழுதிவிட்டார்.

இதுவரை கதைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிறந்தன. அவற்றுக்கு ஒரு வீடு கட்டியவர் ஒரு வணிகர். லக்ஸம்பர்க்கில் பிறந்த ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1904-இல் அமெரிக்கா வந்து, தபால்வழியே ரேடியோ உதிரிபாகங்கள் விற்றார். பாகங்களை வாங்கியவர்களுக்குத் தொழில்நுட்பம் சொல்லித்தரப் பத்திரிகை தொடங்கினார். பத்திரிகையில் இடையிடையே எதிர்காலக் கதைகளைப் போட்டார். கதைகளுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து 1926 ஏப்ரலில் கதைகளுக்கென்றே 'அமேஸிங் ஸ்டோரீஸ்' என்ற மாத இதழைக் கொண்டுவந்தார். விலை 25 சென்ட். முதல் இதழில் போ, வெர்ன், வெல்ஸ் எல்லோரும் இருந்தார்கள். எல்லாமே மறுபதிப்புக் கதைகள். அதே 1926 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்னொன்றும் நடந்தது. 'புக் ஆஃப் தி மந்த் கிளப்' தன் முதல் தேர்வு நூலை 4,750 உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்பியது. அறிவியல் கதைக்கென ஓர் இதழும், மாதம் ஒரு நூல் என்ற வாசகர் சங்கமும் ஒரே மாதத்தில் பிறந்த குழந்தைகள்.

கெர்ன்ஸ்பேக் எழுத்தாளர்களுக்குக் காசு கொடுப்பதில் கஞ்சன். தாமதமாகவும் குறைவாகவும் கொடுத்ததால் அவர்மீது புகார்கள் ஏராளம். வாசகருக்கு அவர் கொடுத்த ஒரு சிறிய கொடைதான் வரலாற்றை மாற்றியது. 1927 ஜனவரி முதல் இதழின் கடைசிப் பக்கங்களில் 'டிஸ்கஷன்ஸ்' என்ற தலைப்பில் வாசகர் கடிதங்களை வெளியிட்டார். கடிதத்தின் கீழே எழுதியவரின் பெயரோடு முழு முகவரியும் அச்சானது. தெரு, கதவு எண், ஊர் எல்லாம்.

இதன் விளைவை நினைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு சிற்றூரில் ஒரு பையன் ராக்கெட் கதை படிக்கிறான். வீட்டில் யாருக்கும் அது புரியாது. பள்ளியில் சொன்னால் சிரிப்பார்கள். கடிதப் பகுதியைத் திருப்புகிறான். இருபது மைல் தள்ளி இன்னொருவன் இதே கதையில் ஈர்ப்பு விசைக் கணக்கு தவறு என்று வாதாடியிருக்கிறான், முகவரியோடு. பையன் பேனாவை எடுக்கிறான். இப்படித்தான் பத்திரிகை ஆசிரியரைத் தாண்டி வாசகரும் வாசகரும் நேரே எழுதத் தொடங்கினார்கள். கடிதம் நட்பாகி, நட்பு சங்கமாகி, 1930-இல் சங்கங்களே கைவேலையாகத் தட்டச்சு செய்து சிற்றிதழ் நடத்தும் அளவுக்கு வளர்ந்தது.

அந்த வாசகர்களில் இருவர் எப்படி உள்ளே வந்தார்கள் என்பது சுவையான செய்தி. புரூக்ளினில் ஒரு மிட்டாய்க் கடை. ரஷ்யாவிலிருந்து குடியேறிய கடைக்காரர், அலமாரியில் விற்பனைக்கிருந்த மலிவுத்தாள் இதழ்களைத் தன் மகன் தொடக் கூடாது என்று தடைவிதித்திருந்தார். 1929-இல் கெர்ன்ஸ்பேக்கின் புதிய இதழ் ஒன்று கடைக்கு வந்தது. பெயரில் 'சயின்ஸ்' என்ற சொல் இருந்தது. "இது அறிவியல், அப்பா" என்று ஒன்பது வயது மகன் வாதாட, அப்பா சம்மதித்தார். மகன் பெயர் ஐசக் அசிமோவ்.

இன்னொருவர் இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடலோரச் சிற்றூர்ச் சிறுவன். அமெரிக்காவில் விற்காமல் மிஞ்சிய இதழ்கள், கப்பல் தள்ளாடாமல் இருக்க அடியில் ஏற்றும் பாரமாக அட்லாண்டிக்கைக் கடந்து வந்ததாக அக்கால வாசகர்கள் சொல்வார்கள். அவை உல்வர்த் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைத்தன. வரிசை கிடையாது, மார்ச் இதழ் கிடைத்தால் ஏப்ரல் கிடைக்காது, தொடர்கதையின் முடிவு இன்னொரு ஊர்க் கடையில் இருக்கும். விட்டுப்போன இதழ்களுக்காகவே வாசகர்கள் ஒருவரையொருவர் தேடினார்கள். அந்தச் சிறுவன் ஆர்தர் சி. கிளார்க். 1945-இல் பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தி உலகம் முழுவதையும் தொலைத்தொடர்பில் இணைக்கலாம் என்று எழுதியவர். 1956-இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008-இல் கொழும்பில் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தவர்.

கடிதத்தில் பேசியவர்கள் நேரில் பேச ஆசைப்பட்டார்கள். 1936 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சில இளைஞர்கள் ரயிலேறிப் பிலடெல்ஃபியா வாசகர்களைப் பார்க்கப் போனார்கள். அதையே முதல் மாநாடு என்று அறிவித்தார்கள். 1727-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நண்பர்களைக் கூட்டி வெள்ளிக்கிழமை மாலைகளில் விவாத வட்டம் நடத்தியதும், 1731-இல் கூட்டாகக் காசு போட்டு நூலகம் தொடங்கியதும் இதே பிலடெல்ஃபியாவில்தான். 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், முன்கூட்டியே அறிவித்து, மண்டபம் பிடித்து, முறையான மாநாடு நடந்தது. வந்தவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். கிளார்க் அதில் ஒருவர். கூடியது பிரம்மஞான சபையின் மண்டபத்தில். அந்தச் சபையின் தலைமையகம் நம் அடையாற்றில் இருக்கிறது.

1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக மாநாட்டுக்குச் சுமார் 200 பேர் வந்தார்கள். வாசலிலேயே சண்டை, எதிரணிச் சங்கத்தின் ஆறு பேரை உள்ளே விடவில்லை. ரே பிராட்பரி நண்பரிடம் கடன் வாங்கி லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்தார். அங்கே வாசகராக உட்கார்ந்திருந்த பலர் பின்னாளில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் ஆனார்கள். கடிதம் எழுதியவரே அடுத்த ஆண்டு கதை எழுதுவார்; கதை எழுதியவர் அதே கடிதப் பகுதியில் பதில் சொல்வார். வேறெந்த இலக்கிய வகையிலும் வாசகருக்கும் எழுத்தாளருக்கும் நடுவில் இவ்வளவு மெல்லிய திரை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பேச்சு எவ்வளவு ஆழமானது என்பதற்கு 1954 ஆகஸ்டில் வந்த ஒரே ஒரு கதை போதும். டாம் காட்வின் எழுதிய 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்'. தூரத்துக் கோளில் காய்ச்சலில் கிடக்கும் ஆறு பேருக்கு மருந்து எடுத்துப்போகும் சிறு விண்கலம். ஓட்டுபவர் ஒருவர். எரிபொருள் அவர் எடைக்கும் மருந்தின் எடைக்கும் அளந்து ஊற்றியது, ஒரு சொட்டு மிச்சமில்லை. அண்ணனைப் பார்க்கும் ஆசையில் 18 வயதுப் பெண் ஒருத்தி, அபராதம்தானே போடுவார்கள் என்று எண்ணி, கலத்துக்குள் ஒளிந்துகொண்டு வந்துவிடுகிறாள். அவள் எடை கூடினால் கலம் தரையிறங்க முடியாது. எட்டுப் பேரும் சாவார்கள். காட்வின் ஒவ்வொரு முறையும் ஏதாவது உபாயம் செய்து பெண்ணைக் காப்பாற்றி எழுதி அனுப்ப, 'அஸ்டவுண்டிங்' இதழின் ஆசிரியர் ஜான் கேம்பல் திரும்பத் திரும்பக் கதையைத் திருப்பி அனுப்பினார் என்பார்கள். கடைசியில் வெளியான கதையில் அவள் அண்ணனோடு வானொலியில் பேசிவிட்டுத் தானாகக் கதவுக்கு அப்பால் போகிறாள்.

அன்று தொடங்கிய வாதம் 70 ஆண்டுகளாக ஓயவில்லை. இயற்கை விதிக்குக் கருணை கிடையாது, கதை நேர்மையானது என்பது ஒரு கட்சி. எந்தப் பொறியாளர் துளி எரிபொருளும் கூடுதலாக வைக்காமல் கலத்தை அனுப்புவார், கதவில் பூட்டு எங்கே, புறப்படும் முன் ஏன் சோதிக்கவில்லை என்பது மறுகட்சி. அவர்கள் பார்வையில் பெண்ணைக் கொன்றது கணிதம் அல்ல, நிர்வாகத்தின் அலட்சியம். இரண்டு ஆண்டு முன்பே ஒரு காமிக்ஸில் ஏறத்தாழ இதே சிக்கல் வந்துவிட்டது என்று சுட்டிக்காட்டுபவர்களும் உண்டு. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் மதுரையும் மஸ்கட்டும் டொராண்டோவும் பேசிக்கொண்டிருந்தது இந்தக் கதையைத்தான். தொழிற்சாலைப் பாதுகாப்பில் வேலை பார்த்த ஒருவரும், பெண் குழந்தை உள்ள ஒருவரும், இயற்பியல் மாணவர் ஒருவரும் இதைப் படித்தால் மூன்று வேறு கதைகள் கிடைக்கும். தனியாகப் படித்தால் ஒன்றுதான் கிடைக்கும். "இப்படி நடந்தால் என்ன ஆகும்?" என்ற கேள்வியிலிருந்து பிறப்பது அறிவியல் கதை. அந்தக் கேள்விக்கு ஒருவரால் விடை சொல்லி முடிக்க இயலாது.

பயணம் கிழக்கே திரும்புகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் தங்கிய அமெரிக்க வீரர்கள் படித்துப் போட்ட இதழ்கள் பழைய புத்தகக் கடைகளுக்கு வந்தன. அவற்றைப் பொறுக்கிப் படித்தவர்கள் 1957-இல் 'உச்சூஜின்' என்ற சிற்றிதழைத் தொடங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறுங்கதைகள் எழுதிய ஹோஷி ஷினிச்சி வெளிச்சத்துக்கு வந்தது அதில்தான். சீனாவின் செங்டு நகரில் 1979-இல் தொடங்கிய இதழ் ஒன்று 'சயின்ஸ் ஃபிக்‌ஷன் வேர்ல்ட்' எனப் பெயர் மாறியது. அதன் ஆசிரியர் யாங் சியாவ், ஒரு சர்வதேசக் கூட்டத்தைத் தன் ஊருக்குக் கேட்டுவாங்க 1990-இல் எட்டு நாள் ரயிலில் பயணம் செய்து நெதர்லாந்து போனவர். அடுத்த ஆண்டே கூட்டத்தைச் செங்டுவில் நடத்திக்காட்டினார்.

பெரிய அதிர்ஷ்டம் 1999 ஜூலையில் அடித்தது. சீனாவின் கல்லூரி நுழைவுத்தேர்வில் கட்டுரைத் தலைப்பு: நினைவுகளை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடிந்தால்? அதே மாதத்து 'சயின்ஸ் ஃபிக்‌ஷன் வேர்ல்ட்' இதழில் அதே பொருள் பற்றிய எழுத்து இருந்தது. கதைப் பத்திரிகை படிக்காதே என்று அதட்டிய பெற்றோரே சந்தா கட்டத் தொடங்கினார்கள். விற்பனை நான்கு லட்சம் பிரதிகளை நெருங்கியது. லியூ சிஷின் தன் முதல் சிறுகதையை வெளியிட்டதும் அந்த ஆண்டு, அந்த இதழில்தான். 2015-இல் அவர் நாவல், கெர்ன்ஸ்பேக்கின் பெயரால் வழங்கும் ஹ்யூகோ விருதைப் பெற்றது. 2023-இல் உலக மாநாடே செங்டுவுக்கு வந்தது.

இணையத்துக்கு வருவோம். 1970-களின் கடைசியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் இயங்கிய அர்ப்பாநெட் வலையில் ஆராய்ச்சிக் கணினிகள் சிலவே இணைந்திருந்தன. அந்த வலையில் கூட்டமாகக் கடிதம் பரிமாறிய முதல் பெரிய குழுக்களில் ஒன்று 'எஸ்எஃப் லவர்ஸ்'. பொறியாளர்கள் வேலை நேரத்திலேயே அறிவியல் கதைகளைப் பற்றி எழுதிக்கொண்டார்கள். இணையம் பிறந்த வீட்டில் முதலில் கேட்ட அரட்டைகளில் ஒன்று இந்த வாசகர்களுடையது.

தமிழில் இந்தக் கண்ணியை இணைத்தவர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே, ஜீனோ என்ற எந்திர நாயை ஆனந்த விகடன் வாசகர்களின் வீட்டுப்பிள்ளை ஆக்கினார். அறிவியல் சிறுகதைகளைத் தனித் தொகுப்பாகத் தந்தார். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'அம்பலம்' இணைய இதழ்வழி வாசகர்களோடு நேரடியாக உரையாடினார். எழுத்தாளர் ஒரு திரைக்கு அந்தப் பக்கம், வாசகர் இந்தப் பக்கம், கேள்வியும் பதிலும் உடனுக்குடன். பின்னர் 2018-இல் தொடங்கிய 'அரூ' இணைய இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்திப் புதியவர்களைக் கண்டெடுத்தது. தைலம் இல்லாத குந்தலீன் போட்டி என்று அதைச் சொல்லலாம்.

2020-இல் பெருந்தொற்று எல்லோரையும் அவரவர் அறைக்குள் அடைத்தது. அந்த மாதங்களில் உலகெங்கும் வாசகர்கள் தேடிப் படித்த கதைகளில் ஒன்று ஃபார்ஸ்டரின் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்'. தனித்தனி அறையில் அமர்ந்து திரைவழியே பேசும் மனிதர்களின் கதையைப் பற்றி, தனித்தனி அறையில் அமர்ந்து திரைவழியே பேசினார்கள். வாஷ்தி இருந்த இடத்தில் நாம் இருந்தோம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வாஷ்திக்கு மகனின் முகத்தை நேரில் பார்க்கும் ஆசை இல்லை. நம்முடைய வட்டங்களிலோ, ஊரடங்கு தளர்ந்ததும் முதல் வேலையாகச் சந்திக்க நாள் குறித்தார்கள்.

நிலவின் வௌவால் மனிதர்களோடு போலிகளின் கதை முடிந்துவிடவில்லை. 2023 பிப்ரவரியில், மதிப்புமிக்க அறிவியல் சிறுகதை இதழான 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' புதுக் கதைகள் வாங்குவதையே தற்காலிகமாக நிறுத்தியது. செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகளைச் சொந்தக் கதை என்று அனுப்பியவர்கள் அந்த ஒரு மாதத்தில் நூற்றுக்கணக்கில் குவிந்தார்கள். எந்திரங்களைக் கற்பனை செய்து வளர்ந்த ஓர் இலக்கியத்தின் வாசலில் எந்திரத்தின் எழுத்தே வந்து நின்றது. கதை செய்வது மலிவாகிவிட்ட காலம் இது. ஒரு கதையை நிதானமாகப் படித்து, இந்த இடம் உண்மை, இந்த இடம் பொய் என்று எடுத்துச் சொல்லும் வாசகர்தான் இனி அரிய பொருள். நானூறு ஆண்டுகளாக இந்தக் கதைகளைச் சுமந்து வந்ததும் அந்த வாசகர்தான்.

கெப்ளருக்குக் கிடைக்காத கூட்டம் இன்று நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது. நான்கு பேர் போதும். மாதம் ஒரு கதை, ஒன்றரை மணி நேரம். எதில் தொடங்குவது என்று கேட்டால், என் பரிந்துரை 'சுல்தானாவின் கனவு'. காப்புரிமைக் காலம் முடிந்த கதை, அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். 1905-இல் நம் சென்னையில் முதன்முதலாக அச்சேறிய அந்தக் கதையை, இந்த வாரம் நான்கு பேருக்கு அனுப்பிவிட்டு ஒரு சனிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள்.